பழைய மடிக்கணினியை மாற்றுவதா, அதன் இயங்குதளத்தை மாற்றுவதா? இரண்டு கணினிகள் தந்த இரண்டு விடைகள்

2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், எட்டு ஆண்டுகளாக என் மொழிபெயர்ப்புப் பணிக்குத் துணைநின்ற மடிக்கணினியின் திரையில் ஓர் அறிவிப்பு அடிக்கடி தோன்றத் தொடங்கியது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு அந்த ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவடைகிறது என்றும், என் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறவில்லை என்றும் அது தெரிவித்தது. விண்டோஸ் 11 நிறுவ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும், ஏற்கப்பட்ட செயலிகளின் (ப்ராசசர்) பட்டியலில் உள்ள ஒரு செயலியும் வேண்டும். இன்டெல் செயலிகளைப் பொறுத்தவரை, மிகச் சில விலக்குகளைத் தவிர, எட்டாம் தலைமுறைக்கு முந்தையவை அந்தப் பட்டியலில் இல்லை. 2017-இல், இருப்பதிலேயே குறைந்த விலை என்பதற்காக நான் தேர்ந்தெடுத்த அந்த மடிக்கணினியின் செயலி ஏழாம் தலைமுறையைச் சேர்ந்தது.

ஆனால் அந்த அறிவிப்பு வருவதற்கு நெடுநாள் முன்பே கணினி என்னைச் சோர்வடையச் செய்திருந்தது. பொத்தானை அழுத்திய பின் வேலை தொடங்கும் நிலைக்கு வர நான்கு நிமிடங்களுக்கு மேல் ஆகும். ஓர் ஆவணத்தையும் அகராதிப் பக்கங்கள் சிலவற்றையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்தால், தட்டச்சு செய்த எழுத்து திரையில் தோன்றுவதற்கே காத்திருக்க வேண்டும். ஆகவே புதியது வாங்கிவிடலாம் என்ற எண்ணம் ஒரு பக்கமும், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸை நிறுவினால் பழைய கணினி உயிர்பெறும் என்று பலரும் சொல்லக் கேட்ட நம்பிக்கை மறுபக்கமுமாகச் சில வாரங்கள் கழிந்தன. அதே காலத்தில் என் அக்காவும் தன் மகளின் மடிக்கணினியைக் கொண்டுவந்து, "தம்பி, உன்னுடையதைச் சரிசெய்யும்போது இதையும் சேர்த்துப் பார்த்துவிடு" என்று கொடுத்துவிட்டுப் போனார். இரண்டுமே மலிவு விலைக் கணினிகள்; இரண்டுமே மெதுவானவை. இரண்டுக்கும் ஒரே மருந்துதான் என்று நான் கருதியது பெரும் பிழை என்பது பின்னர்தான் தெரிந்தது.

முதலில் என் கணினியைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு கோர் செயலி, 4 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்), நிமிடத்திற்கு 5400 முறை சுழலும் 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஆகியவை அதன் உள்ளடக்கம். அது ஏன் மெதுவாக இயங்குகிறது என்பதை அறிய முற்படாமலேயே இயங்குதளத்தை மாற்ற முடிவு செய்தேன். எந்த உறுப்பு எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பத்து நிமிடம் கவனித்திருந்தாலே போதும். கணினி தொடங்கியதும் ஹார்ட் டிஸ்க்கின் பயன்பாடு 100 விழுக்காட்டில் நிலைத்து நிற்பதும், செயலி பெரும்பாலும் வேலையின்றிக் காத்திருப்பதும் தெரிந்திருக்கும். எந்த உறுப்பு மூச்சுத் திணறுகிறது என்பதைக் கண்டறியாமல் செய்யும் எந்த மாற்றமும் குருட்டாம்போக்கில் மருந்து கொடுப்பதைப் போன்றதே. நிற்காமல் நிரம்பியிருப்பது டிஸ்க்கா, ராமா, செயலியா என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகுதான் வாங்குவதா, நிறுவுவதா என்ற கேள்விக்கே பொருள் உண்டு.

லினக்ஸ் குடும்பத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் நான் அதிக நேரத்தைச் செலவிடவில்லை. கூகுளின் குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் என்னும் இயங்குதளத்தைச் சிறிது காலம் கருதிப் பார்த்தேன். உலாவிக்குள்ளேயே எல்லா வேலையையும் முடித்துக்கொள்பவர்களுக்கு அது எளிய வழி. ஆனால் அதில் ஆண்ட்ராய்டு ஆப்களை நிறுவ முடியாது என்பதாலும், என் வேலையில் பெரும்பகுதி இணைய இணைப்பின்றியே நடப்பதாலும் அதைக் கைவிட்டேன். விண்டோஸில் பழகிய கைக்கு அந்நியமாகத் தோன்றாதது, நீண்டகால ஆதரவு உள்ளது, குறைந்த நினைவகத்தில் இயங்குவது என்ற மூன்று தேவைகளுக்கும் பொருந்தியது லினக்ஸ் மின்ட் என்னும் வகையின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. உபுண்டு 24.04 என்னும் மற்றொரு லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு என்பதே என் முடிவை உறுதிப்படுத்தியது. புதிதாக வருபவர்கள் பத்துப் பதினைந்து வகை லினக்ஸ்களை ஒப்பிட்டுக்கொண்டே மாதக்கணக்கில் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒப்பீட்டில் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து; அதிகம் பேர் பயன்படுத்துவதையே எடுத்துக்கொண்டால், சிக்கல் வரும்போது அதற்கான தீர்வை வேறொருவர் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பார்.

நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்து இயங்குதளத்தை நேரடியாக இயக்கிப் பார்த்த அந்த ஒரு மாலைதான் முழு முயற்சியிலும் மிகப் பயனுள்ள பகுதி. தரவிறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுவிட்டு, ரூஃபஸ் அல்லது எட்சர் போன்ற கருவியால் 8 ஜிபி பென் டிரைவில் எழுதி, கணினி தொடங்கும்போது பூட் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தால், ஹார்ட் டிஸ்க்கில் உள்ள எதையும் தொடாமல் லினக்ஸ் இயங்கும். இந்த நிலையில் வேகத்தை மதிப்பிடக் கூடாது. பென் டிரைவிலிருந்து படிப்பதால் அது மெதுவாகத்தான் இருக்கும். மதிப்பிட வேண்டியவை வேறு: வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, ஒலிவாங்கியும் கேமராவும் வேலை செய்கின்றனவா, திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் கேட்கின்றனவா, வெளித்திரையை இணைத்தால் தெரிகிறதா, எல்லாவற்றுக்கும் மேலாக, மூடியை மூடித் திறந்தால் கணினி உறக்கத்திலிருந்து ஒழுங்காக எழுகிறதா என்பவை. கடைசியாகச் சொன்னதைப் பலரும் சோதிப்பதில்லை. நிறுவி முடித்த பிறகு, ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் கறுப்புத் திரையைப் பார்க்க நேர்ந்தால் வாழ்க்கை நரகமாகிவிடும்.

என் கணினியில் எல்லாமே சரியாக இருந்தன, வைஃபையைத் தவிர. இணைப்பு கிடைத்தது, ஆனால் திசைவிக்கு (ரவுட்டர்) அருகில் அமர்ந்தால் மட்டுமே கிடைத்தது, அடுத்த அறைக்குச் சென்றால் அறுந்தது. விண்டோஸில் அத்தகைய குறை இருந்ததில்லை. இரண்டு நாள் தேடலுக்குப் பின் காரணம் புரிந்தது. அந்த வைஃபை சில்லில் ஆன்டெனாவை இணைப்பதற்கு இரண்டு இடங்கள் உள்ளன. மலிவு விலைக் கணினி என்பதால் தயாரிப்பாளர் ஒரே ஓர் ஆன்டெனாவை மட்டும் பொருத்தியிருந்தார். அந்தச் சில்லை இயக்கும் லினக்ஸ் மென்பொருளான டிரைவரோ ஆன்டெனா இல்லாத மற்ற இடத்தின் வழியாகவே சமிக்ஞையைப் பெற முயன்றுகொண்டிருந்தது. டிரைவருக்கான அமைப்புக் கோப்பில், எந்த ஆன்டெனாவைப் பயன்படுத்த வேண்டும் என்று குறிக்கும் ஒரே ஒரு வரியைச் சேர்த்ததும் சமிக்ஞை முழுமையாக வந்தது. மலிவு விலைக் கணினிகளில் லினக்ஸ் தடுமாறும் இடங்களில் பெரும்பாலானவை இவ்வாறு வைஃபையிலோ டச்பேடிலோதான் அமைகின்றன. சில்லின் மாடல் எண்ணைக் கண்டறிந்து, அந்த எண்ணோடு சேர்த்துத் தேடுவதுதான் தீர்வை அடையும் குறுக்கு வழி. கணினியின் பெயரைக் கொண்டு தேடினால் எதுவும் கிடைப்பதில்லை.

அடுத்து, காப்புப் பிரதி. ஆவணங்கள், ஒளிப்படங்கள், உலாவியின் புத்தகக்குறிகள், கடவுச்சொற்கள் என எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் படியெடுத்த பின்னரே பழைய டிஸ்க்கை முழுவதுமாக அழித்து மின்ட்டை நிறுவினேன். எதையும் இழக்கவில்லை என்றே நம்பினேன். ஒரு வாரம் கழித்து, பல ஆண்டுகளுக்கு முன் செய்த மொழிபெயர்ப்பு ஒன்றைத் திறந்தபோது, பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாகச் சிதறிக் கிடந்தது. அது யூனிகோடு பரவலாவதற்கு முந்தைய பழக்கத்தில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்பு. அத்தகைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே அமர்ந்திருக்கும். எழுத்துரு இல்லாவிட்டால் கோப்பு இருந்தும் இல்லாததற்குச் சமம். நான் கோப்புகளைக் காப்பாற்றினேனே தவிர, விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையைக் காப்பாற்ற மறந்துவிட்டேன். நண்பர் ஒருவரிடமிருந்து அந்த எழுத்துருவைப் பெற்று நிறுவி, பிறகு அந்தப் பழைய ஆவணங்கள் அனைத்தையும் எழுத்துரு மாற்றிக் கருவியின் மூலம் யூனிகோடுக்கு மாற்றினேன். தமிழில் நெடுங்காலம் எழுதி வருபவர்கள் எந்தக் கணினி மாற்றத்துக்கும் முன்பாகச் செய்ய வேண்டிய வேலை இது. லினக்ஸுக்குப் போனாலும் சரி, புதுக் கணினிக்குப் போனாலும் சரி, இந்தச் சிக்கல் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

தமிழில் தட்டச்சு செய்வதில் எனக்கிருந்த அச்சம் தேவையற்றது என்பதையும் சொல்ல வேண்டும். ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியுடன் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலியியல், இன்ஸ்கிரிப்ட், தட்டச்சுப்பொறி முறை என எல்லாமே கிடைக்கின்றன. நான் தமிழ்99 பழகியவன் என்பதால், அரை மணி நேரத்தில் என் விரல்கள் வழக்கமான வேகத்துக்கு வந்துவிட்டன.

ஆவணங்களைக் கையாள்வதில்தான் உண்மையான விட்டுக்கொடுத்தல் தேவைப்பட்டது. மைக்ரோசாஃப்ட் ஆபிஸை லினக்ஸில் நேரடியாக நிறுவ முடியாது. அதற்கு மாற்றான இலவச மென்பொருள் லிப்ரே ஆபிஸ், வேர்டு கோப்புகளைத் திறக்கிறது, திருத்தங்களைத் தடம் பதிக்கிறது, கருத்துக் குறிப்புகளையும் காட்டுகிறது. ஆனால் அட்டவணைகளும் உரைப்பெட்டிகளும் நிறைந்த கோப்புகளில் பக்கங்கள் நகர்ந்துவிடுகின்றன. இந்த நகர்வில் ஒரு பகுதிக்குக் காரணம் எழுத்துரு இல்லாமைதான். கேலிப்ரிக்கு ஈடாகக் கார்லிட்டோவும், கேம்ப்ரியாவுக்கு ஈடாகக் கலாடியாவும் ஒவ்வோர் எழுத்தின் அகலமும் ஒத்துப்போகும்படி வடிவமைக்கப்பட்டவை. அவற்றை நிறுவியதும் பாதிச் சிக்கல் நீங்கியது. மீதிப் பாதிக்கு, இறுதி வடிவத்தை அனுப்பும் முன் உலாவியில் இயங்கும் வேர்டில் ஒருமுறை திறந்து பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். நாள் முழுவதும் சிக்கலான எக்ஸெல் மேக்ரோக்களோடு வேலை செய்பவராக நான் இருந்திருந்தால், இந்த இடத்திலேயே திரும்பிப் போயிருப்பேன்.

இனி வேகத்துக்கு வருகிறேன். மின்ட் நிறுவிய முதல் நாள், எதையும் திறக்காத நிலையில் ஏறத்தாழ 800 எம்பி நினைவகமே செலவாகியிருந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். முன்பு அதே நிலையில் 2 ஜிபிக்கு மேல் செலவாகும். தொடங்கும் நேரம் ஒன்றரை நிமிடமாகக் குறைந்தது. ஆனால் உலாவியைத் திறந்ததும் பழைய தயக்கம் மீண்டும் எட்டிப் பார்த்தது. இன்றைய இணையப் பக்கம் எந்த இயங்குதளத்தில் திறந்தாலும் ஏறத்தாழ அதே அளவு நினைவகத்தையே கேட்கிறது. இயங்குதளம் மிச்சப்படுத்திக் கொடுத்த ஒரு ஜிபியைப் பத்துத் தாவல்கள் விழுங்கிவிட்டன. நினைவகம் நிரம்பியதும் கணினி ஹார்ட் டிஸ்க்கில் இடம் தேடியது. அந்த டிஸ்க்கோ சுழன்று, தலையை நகர்த்தி, தேடி எடுத்துத் தருவதற்குள் என் பொறுமை கரைந்தது. ராமின் ஒரு பகுதியையே சுருக்கப்பட்ட சேமிப்பிடமாகப் பயன்படுத்தும் இசட்ராம் வசதியை இயக்கியதில் சற்று நிலைமை சீரானது. ஆயினும் குறை எங்கே இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு ஐயமின்றிப் புலப்பட்டது.

கணினியின் பின்மூடியைத் திறந்தேன். அதற்கு முன் மாடல் எண்ணைக் கொண்டு பராமரிப்புக் கையேட்டைத் தேடிப் படித்து, ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டதா, கழற்றக்கூடியதா என்பதை உறுதிசெய்துகொண்டேன். நல்வாய்ப்பாக ஒரு ராம் துளை இருந்தது. டிஸ்க்கும் வழக்கமான 2.5 அங்குல சாட்டா வகை. 4 ஜிபிக்குப் பதிலாக 8 ஜிபி ராமும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகச் சுழலாத சேமிப்பகமான 240 ஜிபி எஸ்எஸ்டியும் பொருத்தினேன். ராம் வாங்கும்போது டிடிஆர்3, டிடிஆர்4 என்ற வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்; இரண்டின் வெட்டுப்பள்ளமும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் துளையில் மற்றொன்று நுழையாது. சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 500 எம்பி அளவில் படிக்கும் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பார்கள். பழைய டிஸ்க்கின் வேகம் 100 எம்பி அளவில் இருக்கும். ஆனால் நாம் உணரும் மாற்றம் அந்த ஐந்து மடங்கால் வருவதன்று. அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி எடுக்க ஹார்ட் டிஸ்க் ஒவ்வொரு முறையும் பத்து மில்லி நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும்போது, நகரும் உறுப்பு எதுவுமில்லாத எஸ்எஸ்டி அதை மில்லி நொடியின் சிறு பகுதியில் முடித்துவிடுகிறது. இப்போது 25 நொடிகளில் கணினி ஆயத்தமாகிவிடுகிறது. எழுத்துக்காகக் காத்திருந்த காலம் போய்விட்டது.

இதை நான் வரிசை மாற்றிச் செய்தேன் என்பதுதான் வருத்தம். முதலில் எஸ்எஸ்டியைப் பொருத்தியிருந்தால், இயங்குதளத்தை இரண்டு முறை நிறுவியிருக்க வேண்டியதில்லை. பழைய டிஸ்க் விண்டோஸுடன், எழுத்துருக்களுடன், அப்படியே ஒரு முழுக் காப்பாக என் மேசை இழுப்பறையில் இருந்திருக்கும். புதிய வழி பிடிக்காவிட்டால் பழைய டிஸ்க்கைத் திரும்பப் பொருத்திவிடலாம் என்ற துணிவும் இருந்திருக்கும். இரண்டு இயங்குதளங்களையும் ஒரே டிஸ்க்கில் அருகருகே வைத்துக்கொள்ள விரும்புபவர்கள், விண்டோஸின் வேகத் தொடக்க வசதியை முதலில் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் பகுதியில் லினக்ஸால் எழுத முடியாமல் போகும். டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதன் மீட்புக் குறியீட்டை வேறோர் இடத்தில் எழுதி வைத்துக்கொள்வதும் கட்டாயம்.

அக்கா மகளின் கணினி வேறு கதை சொன்னது. 2 ஜிபி ராம், 32 ஜிபி இஎம்எம்சி என்னும் மலிவு வகைச் சேமிப்பகம். இரண்டுமே தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டவை. மாற்றுவதற்கு உள்ளே எதுவுமில்லை. செயலி 64 பிட், ஆனால் தொடக்க மென்பொருளான யூஇஎஃப்ஐ 32 பிட் என்ற விசித்திரக் கலவை வேறு. பென் டிரைவில் எழுதிய மின்ட் தொடங்கவே மறுத்தது. இத்தகைய கலவையையும் ஏற்கும் டெபியன் என்னும் லினக்ஸ் வகையை, எடை குறைந்த எல்எக்ஸ்கியூடி மேசைத்தளத்துடன் ஒருவழியாக நிறுவினேன். கணினி முன்பைவிட நன்றாகவே இயங்கியது. பாடக் குறிப்பு எழுதலாம், பிடிஎஃப் படிக்கலாம். ஆனால் இணையவழி வகுப்பைத் திறந்து, கூடவே ஒரு பாடப் பக்கத்தையும் திறந்தால் 2 ஜிபி நிரம்பிவிட்டது. பழைய வரைகலைச் சில்லால் இன்றைய காணொளி வடிவங்களை வன்பொருள் உதவியோடு விரிக்க முடியாததால், முழுச் சுமையும் செயலியின் தலையில் விழுந்து, ஆசிரியரின் முகம் உறைந்து உறைந்து நகர்ந்தது. அவள் எழுத வேண்டிய இணையவழித் தேர்வுக்கான கண்காணிப்பு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்கும் என்பது கடைசியில்தான் தெரிய வந்தது. இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். எந்த மென்பொருள் இன்றியமையாதது என்று கேட்காமல் இயங்குதளத்தை மாற்றியது, அவளது ஒரு வாரத்தை வீணாக்கிவிட்டது. "மாமா, தேர்வுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது" என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அந்தக் கணினியைக் காப்பாற்றும் பிடிவாதத்தை விட்டுவிட்டேன்.

அவளுக்கு வேறு கணினி வாங்கினோம். கடையில் பளபளக்கும் புதிய மலிவு விலைக் கணினிகளில் பலவும் 4 ஜிபி ராமையும் இஎம்எம்சியையும் பலகையோடு பற்றவைத்தவையே. அவற்றை வாங்கினால் மூன்று ஆண்டுகளில் இதே இடத்தில் வந்து நிற்போம். ஆகவே, அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்து, உரிய முறையில் சீரமைத்து, உத்தரவாதத்துடன் விற்கப்படும் வணிகப் பயன்பாட்டு மடிக்கணினி ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். எட்டாம் தலைமுறைச் செயலி, 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி. ராமும் டிஸ்க்கும் கழற்றக்கூடியவை. விண்டோஸ் 11 முறைப்படி நிறுவப்பட்டது. வாங்கும் முன் பேட்டரியின் வடிவமைப்புக் கொள்ளளவையும் இப்போது ஏற்கும் கொள்ளளவையும் விண்டோஸின் பேட்டரி அறிக்கையில் ஒப்பிட்டுப் பார்த்தோம். முதலில் காட்டப்பட்ட கணினியில் பாதிகூட மிஞ்சியிருக்கவில்லை என்பதால் வேறொன்றைக் கேட்டுப் பெற்றோம்.

தேர்வு நெருங்கிய நிலையில் அவசரம் இல்லாதிருந்தால் இன்னொரு வழியும் இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் 10-க்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தனிப்பயனர்கள் 2026 அக்டோபர் 13 வரை பெறுவதற்கான திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. விண்டோஸில் மட்டுமே இயங்கும் மென்பொருளைச் சார்ந்திருப்பவர், தேடித் தேர்ந்து வாங்க அந்த இடைவெளி உதவும். தகுதியற்ற கணினியில் சோதனைகளைத் தவிர்த்து விண்டோஸ் 11-ஐ நிறுவும் வழிகளும் உலவுகின்றன; ஆனால் அவ்வாறு நிறுவிய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் கிடைப்பதற்கு உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்ட்டே கூறியிருப்பதால், பிறருடைய கணினியில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அக்கா மகளின் பழைய கணினி இப்போது டெபியனோடு என் அலமாரியில் இருக்கிறது. அகராதிகளும் பிடிஎஃப் நூல்களும் மட்டும் அதில் உள்ளன. மெய்ப்புப் பார்க்கும்போது என் திரைக்குப் பக்கத்தில் அதைத் திறந்து வைத்துக்கொள்கிறேன். என்னுடையதோ தினமும் எட்டு மணி நேரம் உழைக்கிறது. அதன் இடப்பக்கக் கீலைத் தாங்கும் பிளாஸ்டிக் முனையில் ஒரு விரிசல் விட்டிருப்பதை எஸ்எஸ்டி பொருத்தியபோது பார்த்தேன். அதனால் மூடியை ஓரத்தில் பிடித்துத் தூக்காமல், நடுவில் பிடித்து மெதுவாகத் திறக்கிறேன். அது உடையும் நாளில் வெளித்திரை ஒன்றை இணைத்து மேசைக் கணினியாக வைத்துக்கொள்ளலாம் என்பதால், அந்த இணைப்புத் துளை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சென்ற வாரம் சோதித்துப் பார்த்தேன், செய்கிறது.